கறுப்பின மாணவியர் கட்டிய சகோதரியர் சங்கம்

(புத்தலப்பட்டில் நடைபெற்ற சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம் என்ற சிற்றூரில் 2020ஆம் ஆண்டு சுவரொட்டி ஒட்டினார்கள்; கோயிலில் அபிஷேகம் செய்தார்கள். அமெரிக்காவின் துணை அதிபர் பதவிக்குக் கமலா ஹாரிஸ் போட்டியிட்டார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலனுக்கு அந்த ஊர் பூர்வீகம். கமலா வென்றார், 2021 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை துணை அதிபராக இருந்தார், இடையில் 2024இல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். நம் நாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் அவர் யாருடைய பேத்தி என்று எழுதின. அவரை வளர்த்த சங்கம் எது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நாம் இன்று அந்தச் சங்கத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

2020இல் அவர் வேட்பாளர் என்று அறிவித்த உடனே தேர்தல் நிதிக்கு ஒரு விசித்திரமான தொகை வந்து குவியத் தொடங்கியது. 20 டாலர் அல்ல, 25 டாலர் அல்ல. 19 டாலர் 8 சென்ட். ஊர் ஊராக, ஆயிரக்கணக்கான பெண்களிடமிருந்து அதே தொகை. காரணம் இதுதான்: 1908ஆம் ஆண்டு அவர்களுடைய சங்கம் பிறந்த ஆண்டு. கொடுப்பவர் பெயரைப் பார்க்க வேண்டியதில்லை, தொகையைப் பார்த்தாலே இது நம் அக்காள் தங்கையின் பணம் என்று தெரிந்துவிடும். கமலா கல்லூரி மாணவியாக அச்சங்கத்தில் சேர்ந்தது 1986இல். 34 ஆண்டுகள் கழித்தும் அந்த உறவு செத்துப் போகவில்லை.

கல்லுடைக்கிற, மாங்கூழ் ஆலையில் கொட்டை பிரிக்கிற, செங்கல் சூளையில் மண் மிதிக்கிற நமக்கு இந்த அமெரிக்கக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கோபாலன் குடும்பம் கூலிக் குடும்பம் அல்ல; மேல்சாதியைச் சேர்ந்த அரசு அதிகாரியின் குடும்பம். கமலாவின் தாய் சியாமளா 1958இல், 19 வயதில், பெர்க்லிக்கு மேற்படிப்புக்குப் போக முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே அது நம் கதை அல்ல. ஆனால் அவர் மகள் போய்ச் சேர்ந்த சங்கத்தை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். அது நம் கதைக்கு மிக அருகில் இருக்கிறது.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். இரண்டே ஆண்டுகளில், 1867இல், வாஷிங்டன் நகரத்தில் ஹோவர்ட் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. எழுதப் படிக்கக் கற்றால் சவுக்கடி என்றிருந்த மக்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அங்கே பட்டப் படிப்புக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களிலும் பெண்கள் சிறுபான்மை. வெள்ளையர் கல்லூரிகளில் மாணவர்கள் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துத் தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொள்வது வழக்கம். ஆண்கள் அமைத்தால் சகோதரர் சங்கம், பெண்கள் அமைத்தால் சகோதரியர் சங்கம்; அவர்கள் மொழியில் சொரோரிட்டி. அவற்றில் கறுப்பினத்தாருக்கு இடம் கிடையாது. 1908 ஜனவரி 15 அன்று எதெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால், ஒன்பது மாணவிகள் ஹோவர்டில் கூடி ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சங்கத்தை அமைத்தார்கள். கறுப்பினக் கல்லூரி மாணவியர் அமைத்த முதல் சகோதரியர் சங்கம் அதுதான். ஹோவர்டில் உள்ள அந்த முதல் கிளைக்கு ஆல்ஃபா கிளை என்று பெயர். 78 ஆண்டுகள் கழித்துக் கமலாவோடு சேர்த்து 38 மாணவிகள் உறுப்பினர் ஆனது அந்தக் கிளையில்தான்.

நன்றாகப் படிக்க வேண்டும், ஒருவருக்கொருவர் துணை நிற்க வேண்டும், தம் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பவை அவர்கள் வைத்துக்கொண்ட நெறிகள். கேட்பதற்கு எல்லாச் சங்கமும் சொல்வது போலத்தான் இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், உறுப்பினர் என்பது கல்லூரிக் காலத்தோடு முடிவதில்லை. பட்டம் வாங்கியவர்கள் வேலைக்குப் போகும் ஊரில் பட்டதாரிக் கிளையில் சேர்கிறார்கள், சந்தா கட்டுகிறார்கள், அடுத்து வரும் பெண்ணுக்கு உதவித்தொகை திரட்டுகிறார்கள். பாட்டியும் மகளும் பேத்தியும் ஒரே சங்கத்தில் இருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு.

சங்கம் என்று ஒன்று இருந்தால் தகராறு இல்லாமல் இருக்குமா? நம் சங்கத்தின் பழைய உறுப்பினர்கள் சிரிப்பது தெரிகிறது. 1912இல் அங்கேயும் தகராறு வந்தது. சங்கம் வெறும் நட்புக் கூட்டமாக இருக்கிறது, அரசியலில் இறங்க வேண்டும், பெயரையும் சின்னத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள் 22 மாணவிகள். முன்பே பட்டம் பெற்றிருந்த நெல்லி குவாண்டர் முதலியோர் மறுத்துவிட்டார்கள். 22 பேரும் வெளியேறி 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டா என்ற புதுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நெல்லி குவாண்டர் பழைய சங்கத்தை அதே மாதம் 29ஆம் தேதி சட்டப்படி பதிவு செய்து காப்பாற்றினார். பிரிந்தவர்களும் உருப்பட்டார்கள், இருந்தவர்களும் உருப்பட்டார்கள். இது எல்லாப் பிளவுக்கும் வாய்ப்பதில்லை.

புதுச் சங்கத்து மாணவிகள் செய்த முதல் பொதுக் காரியம் என்ன தெரியுமா? சங்கத்துக்கு இரண்டு மாதம்கூட நிறையவில்லை. 1913 மார்ச் 3 அன்று, புதிய அதிபர் வில்சன் பதவியேற்பதற்கு முதல் நாள், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டன் தெருக்களில் மாபெரும் ஊர்வலம் நடந்தது. இந்த மாணவிகள் அதில் நடந்தார்கள். ஊர்வலத்தை நடத்திய வெள்ளைப் பெண்களுக்கோ கறுப்பினப் பெண்கள் தங்களோடு கலந்து நடப்பதில் சங்கடம். தென் மாநிலத்தார் கோபித்துக்கொள்வார்களாம். ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர், கும்பல் கொலைகளை அம்பலப்படுத்தி எழுதிய வீராங்கனை, சிக்காகோவிலிருந்து வந்திருந்தார். அவரைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. ஓரத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்து, தம் மாநிலத்து வரிசை வந்ததும் உள்ளே புகுந்து நடந்தார்.

விடுதலை கேட்கும் கூட்டத்திலேயே தனி வரிசை! நம்மில் வயதானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1920இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோதும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் வாக்குச் சாவடிக்குப் போக முடியாதபடி வரியும் தேர்வும் அடியும் தடுத்தன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அது நீடித்தது. 1913இல் 20 வயதில் நடந்த பெண்ணுக்கு அப்போது 72 வயது.

இனி நாம் சொல்லப் போவதைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள், குறிப்பாக ஆலையிலும் சூளையிலும் வேலை செய்யும் தாய்மார்கள்.

ஐடா ஜாக்சன் என்பவர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் அகில நாட்டுத் தலைவி. பிறந்தது மிசிசிப்பி மாநிலத்தில், ஆசிரியையாக வேலை பார்த்தது தொலைவில் உள்ள கலிஃபோர்னியாவில். தான் வந்த மண்ணை மறக்காமல் 1934 கோடையில் மிசிசிப்பிக்குத் திரும்பிப் போய் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார். போன இடத்தில் கண்டது என்ன? பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைக்கும் குடும்பங்கள். பிள்ளைகளுக்கு அம்மை ஊசி போடவில்லை, மருத்துவரைக் கண்ணால் பார்த்ததில்லை. வயிறும் உடம்பும் இப்படி இருக்கும்போது பாடம் எங்கே ஏறும்? மறு ஆண்டே, 1935இல், சங்கம் மருத்துவக் குழு ஒன்றை அனுப்பியது. தலைமை தாங்கியவர் வாஷிங்டனில் மருத்துவராக இருந்த டோரத்தி ஃபெரிபீ. செவிலியரும் ஆசிரியைகளும் தங்கள் கோடை விடுமுறையைக் கொடுத்து, சொந்தக் கார்களை ஓட்டிக்கொண்டு, கறுப்பினத்தாருக்குச் சோறு போடவும் படுக்க இடம் கொடுக்கவும் மறுக்கும் சாலை வழியாகப் போனார்கள்.

போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தடை. ஓரிடத்தில் முகாம் அமைத்து மக்களை வரவழைப்பது என்பது திட்டம். தோட்ட முதலாளிகள் ஆட்களை வெளியே விட மறுத்துவிட்டார்கள். ஒரு நாள் வேலை கெடும் என்பது சொன்ன காரணம். வெளியூர்ப் படித்த பெண்களோடு நம் ஆட்கள் பேசினால் என்ன ஆகும் என்பது சொல்லாத காரணம். ஊசி மருந்தை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவர்கள் மருந்துப் பெட்டிகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். மரத்தடியில், தேவாலயத் திண்ணையில், மேற்பார்வையாளர்கள் ஆயுதத்தோடு பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க, குழந்தைகளுக்கு அம்மை ஊசியும் தொண்டை அடைப்பான் ஊசியும் போட்டார்கள். 1942 வரை கோடைதோறும் இந்த வேலை நடந்தது. அந்த ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்கள் சுமார் 15,000 பேர்.

முதலாளி ஆளை வெளியே விடமாட்டான் என்றால் நாம் உள்ளே போவது எப்படி என்று யோசித்த பெண்கள் அவர்கள். சூளை வாசலில் நிறுத்தப்பட்டுத் திரும்பிய அனுபவம் நம் சங்கத்தாருக்கும் உண்டு என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னோம்.

ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் நியாயமாகாது. இந்தச் சங்கங்களைக் குறை கூறியவர்கள் கறுப்பின மக்களுக்குள்ளேயே நிறைய உண்டு. சேருவதற்குக் கட்டணம் அதிகம், ஏழை மாணவி எட்டிப் பார்க்க முடியாது என்றார்கள். நிறம் கொஞ்சம் வெளுத்த பெண்களுக்கே முதலிடம் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்தது. வெள்ளையன் செய்த அளவுகோலைத் தாங்களே எடுத்து அளந்தார்கள் என்று சொல்ல வேண்டும். புதிதாகச் சேருபவர்களைச் சோதனை என்ற பெயரில் இழிவுபடுத்தும் வழக்கமும் ஊறியிருந்தது. 1990இல் கறுப்பினச் சகோதர, சகோதரியர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து அந்தச் சோதனைக் காலத்தை ரத்து செய்தன. ஆனாலும் முற்றாக ஒழிந்தது என்று சொல்வதற்கில்லை. அடிபட்டவர்கள் கட்டும் வீட்டிலும் ஒரு பின்கட்டு வந்துவிடுகிறது.

நம் பக்கத்திலும் அதே கதைதான். அந்த ஹோவர்ட் மாணவிகள் பிரிந்து நின்ற அதே காலத்தில், சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இருந்தார். குழந்தைப் பருவத்திலேயே விதவையாக்கப்பட்டவர்; 1911இல் பட்டம் பெற்றவர்; 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கியவர். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகளை மீட்டுப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். அரும்பெரும் வேலை. ஆனால் அவர் நடத்திய அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். தேவதாசிக் குலத்துச் சிறுமிகளுக்குச் சென்னை விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். கதவு மறுக்கப்பட்டவள்தான் புதுக் கதவு வைக்க வேண்டியிருக்கிறது, எல்லா ஊரிலும்.

தாழ்த்தப்பட்ட பெண்கள் தாங்களாகவே கூடிக் கேட்டது 1942 ஜூலை 20இல், நாகபுரியில். அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பு மகளிர் மாநாடு அது. சுலோசனாபாய் டோங்ரே தலைமை தாங்கினார். அம்பேத்கர் வந்து பேசினார். பல்லாயிரம் பெண்கள், பெரும்பாலும் கூலிப் பெண்கள், திரண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட தீர்மானங்களைப் பாருங்கள். மணவிலக்கு உரிமை. பலதார மணத்துக்குத் தடை. ஆலையிலும் பீடித் தொழிலிலும் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. ஆலைகளில் பெண்களை மேற்பார்க்கப் பெண்களே வேண்டும். பெண் பிள்ளைகள் படிக்க அரசு செலவில் விடுதி. வேலைத்தளக் கோரிக்கையும் விடுதிக் கோரிக்கையும் ஒரே தாளில்! தமிழ்நாட்டில் அன்னை மீனாம்பாள் சிவராஜ் அதே இயக்கத்தில் நின்று உழைத்தவர். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் தேடிப் பார்த்தால் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இங்கிருந்து பேருந்து ஏறினால் திருப்பதி. 1954இல் தொடங்கிய வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. பெண்களுக்கென்றே 1983இல் என். டி. ராமாராவ் ஆட்சியில் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015இலிருந்து ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. இத்தனை இருந்தும் நம் பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்று மாங்காய் சீசனுக்கு ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். கல்லூரி தூரத்தில் இல்லை. சான்றிதழ் தூரத்தில் இருக்கிறது.

இந்தச் சான்றிதழ் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 1950இல் பட்டியல் சாதிகளின் ஆணை வந்தபோது சித்தூர் மதராஸ் மாநிலத்தில் இருந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது, 1960இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. மனிதன் நகரவில்லை, கோடு நகர்ந்தது. அந்நாளிலிருந்தே இந்தப் பக்கம் குடியிருக்கும் குடும்பத்தார், தங்கள் சாதி இங்குள்ள பட்டியலில் இருந்தால், ஆவணம் காட்டி இந்த மாநிலத்துச் சான்றிதழே கேட்கலாம். பிற்காலத்தில் வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நிலை வேறு. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் தம் பட்டியல் உரிமையைப் புது மாநிலத்தில் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. 2018இல் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. கூலிக்கு வந்தால் தீண்டாமையும் கூடவே வருகிறது, சலுகை மட்டும் எல்லையில் இறங்கிக்கொள்கிறது. இது நியாயமா என்று நாம் கேட்கத்தான் போகிறோம்.

ஆனால் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் இந்த ஆண்டுப் பிள்ளைக்கு வயது போய்விடும். இருக்கிற வழிகள் இரண்டு மூன்று உண்டு. தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழை ஆதாரமாகக் காட்டினால், பிள்ளைக்கு இங்குள்ள அதிகாரியே சான்றிதழ் வழங்கலாம் என்று மத்திய அரசு 1982இல் உத்தரவிட்டிருக்கிறது. அதை வைத்து ஆந்திர அரசின் சலுகை பெற முடியாது, ஆனால் ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களிலும் மத்திய அரசு வேலைகளிலும் அது செல்லும். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகையை, குடும்பத்தின் நிரந்தர இருப்பிடம் எந்த மாநிலமோ அந்த மாநிலமே கொடுக்க வேண்டும் என்பது விதி. நம் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது. ஓர் அலுவலகத்தில் 'இங்கே இல்லை, உங்கள் ஊருக்குப் போ' என்கிறார்கள். அங்கே போனால் 'நீ இங்கே குடியிருக்கவில்லையே' என்கிறார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று, பேருந்துக் காசும் போயிற்று. மூன்றாம் முறை யார் போவார்கள்? பெண் பிள்ளைக்காக யார் போவார்கள்?

அக்காள் போக வேண்டும். அந்தப் படியை முன்பே ஏறி இறங்கியவள் போக வேண்டும். எந்தத் தாளை எந்த மேசையில் வைப்பது, எந்தப் பதிலுக்கு எழுத்தில் மறுப்புக் கேட்பது என்று அவளுக்குத்தான் தெரியும். நம் குடும்பங்களில் கல்லூரி பார்த்த பெண்கள் இல்லாமல் இல்லை. ஒருத்தி சித்தூரில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள், ஒருத்தி திருப்பதியில் செவிலியர், ஒருத்தி கட்டிக்கொடுத்த ஊரில் கடைக் கணக்கு எழுதுகிறாள். ஒவ்வொருத்தியும் தனித்தனியாகக் கஷ்டப்பட்டுக் கற்ற வழி, அவளோடு கல்யாணமாகிப் போய்விடுகிறது. அடுத்த பெண் மறுபடி முதல் படியில் நின்று தொடங்குகிறாள். ஹோவர்ட் மாணவிகள் நிறுத்தியது இந்த நஷ்டத்தைத்தான்.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் ஒரு யோசனை வைக்கிறோம். பத்தாம் வகுப்புத் தாண்டிய நம் பெண்கள் எல்லோரும், படிப்பவர்களும் முடித்தவர்களும் மணமாகி வெளியூர் போனவர்களும், ஒரே கிளையாகச் சேர வேண்டும். கிரேக்க எழுத்து வேண்டாம், தமிழில் ஒரு பெயர் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. சம்பளம் வாங்குபவர்கள் மாதம் 20 ரூபாய், படிப்பவர்கள் ஒன்றும் தர வேண்டியதில்லை. சாதி எது, உட்பிரிவு எது என்று கேட்கும் வழக்கம் முதல் நாளே உள்ளே வரக்கூடாது. அங்கே நிறத்தால் வந்த கேடு இங்கே அதனால் வரும். முதல் ஆண்டு வேலை ஒன்றே ஒன்று: இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதும் நம் பெண்கள் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே ஓர் அக்காளின் பெயர். சான்றிதழுக்கு அவளோடு அந்த அக்காள் போவாள். அன்றைய பேருந்துக் காசை நிதி கொடுக்கும்.

கணக்குப் புத்தகம் ஆண்கள் கைக்கு வரக்கூடாது. தலைவர், செயலாளர் என்று நாங்கள் யாரும் அதில் கையெழுத்துப் போட மாட்டோம். இரண்டு பெண்கள் எழுத வேண்டும், மூன்றாமவள் சரிபார்க்க வேண்டும். நோட்டு வாங்கி வந்திருக்கிறோம், மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புபவர்கள் வாருங்கள். ஊரில் இல்லாத மகளின் பெயரைத் தாய் கொடுக்கலாம், அவளுடைய தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.